எண்ணெய்–நீர் இடைமுகமும் நுண்பால்மங்களின் நிலைப்பும்: ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

எண்ணெயும் நீரும் பரப்புச்செயலியின் துணையால் ஒன்றுகலந்து, ஒளிபுகும் ஒரே திரவமாக நிலைத்திருக்கும் அமைப்பு நுண்பால்மம் எனப்படுகிறது. அது மிகச்சிறு துளிகளையுடைய பால்மம் என்ற கருத்து பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் பரவலாக உள்ளது. துளியின் அளவு நுண்பால்மத்தின் இலக்கணமன்று, விளைவேயாகும் என்பதை இக்கட்டுரை எளிய கணக்கீடுகளின் வழியாக நிறுவ முயல்கிறது. இடைமுக இழுவிசை, சிதறலின் என்ட்ரோபி, பரப்புச்செயலிப் படலத்தின் வளைவு ஆகிய மூன்றும் எவ்வாறு நிலைப்பை முடிவுசெய்கின்றன என்பதும், நானோபால்மத்திலிருந்து நுண்பால்மத்தைப் பிரித்தறியும் முறைகளும், எண்ணெய் வயலிலும் மருந்தியலிலும் இவ்வேறுபாடு பெறும் முதன்மையும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இடைமுக இழுவிசை, பரப்புச்செயலி, நுண்பால்மம், நானோபால்மம், இயல்பு வளைவு, இருதொடர் அமைப்பு.

முன்னுரை

தரை துடைக்கப் பயன்படும் கறுப்புப் பினாயிலைப் புட்டியில் காணும்போது அது ஒரே சீரான, கலங்கலற்ற திரவம். வாளி நீரில் ஊற்றிய நொடியில் அது வெண்மையாகப் பூத்துப் பாலாகிவிடுகிறது. காயங்களைக் கழுவும் டெட்டாலிலும் இதே நிகழ்வைக் காணலாம். பைன் எண்ணெயும், ஆமணக்கெண்ணெய்ச் சோப்பும், ஆல்கஹாலும், குளோரோசைலினாலும் சேர்ந்த தெளிந்த அப்பொருள் நீர் பட்டதும் வெளுக்கிறது. புட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் பிரியாதிருந்த எண்ணெய், வாளியில் ஒரு நொடியில் ஏன் துளிகளாகத் திரண்டது? புட்டியிலிருந்த திரவமும் வாளியிலிருக்கும் திரவமும் ஒரே பொருள்களால் ஆனவை. விகிதம் மட்டுமே மாறியது. அந்த மாற்றம் ஓர் எல்லையைக் கடந்துவிட்டது. அந்த எல்லை எது என்னும் வினாவே இக்கட்டுரையின் மையம்.

தமிழில் இவ்வமைப்பை நுண்பால்மம் எனவும் நுண்குழம்பு எனவும் வழங்குகிறோம். பால்மம் என்னும் சொல் மிகப் பொருத்தமானது. பாலே ஒரு பால்மம், அதன் வெண்மையும் துளிகளால் வருவது. ஆயின் அச்சொல்லின் முன் 'நுண்' என்ற அடையைச் சேர்த்தவுடன் இரண்டு பிழைக்கருத்துகள் உள்ளே நுழைகின்றன. ஒன்று, நுண்பால்மத்தில் பால்நிறம் உண்டு என்பது, உண்மையில் இல்லை. மற்றொன்று, பால்மத்தை மேலும் மேலும் கடைந்து துளியைச் சிறிதாக்கினால் நுண்பால்மம் கிடைக்கும் என்பது. இரண்டாவது பிழையே ஆய்வில் கேடு விளைப்பது. இது தமிழ்ச்சொல்லின் குறையன்று. ஆங்கில மூலச்சொல்லிலிருந்தே தொடர்ந்து வரும் குறை.

இடைமுக இழுவிசை

எண்ணெய் நீரை 'வெறுக்கிறது' என்று சொல்வது வகுப்பறைக்கு எளிதாயினும் முழு உண்மையன்று. எண்ணெய் மூலக்கூறுக்கும் நீர் மூலக்கூறுக்கும் இடையே ஈர்ப்பு உண்டு. ஆனால் நீர் மூலக்கூறுகள் தமக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கட்டிக்கொண்டிருக்கும் வலிமைக்கு அது ஈடாவதில்லை. இடைமுகத்தில் நிற்கும் நீர் மூலக்கூறு தன் அண்டை மூலக்கூறுகளில் ஒரு பகுதியை இழந்து நிற்கிறது. அவ்விழப்பின் ஆற்றலை ஓர் அலகுப் பரப்பிற்குக் கணக்கிட்டால் கிடைப்பதே இடைமுக இழுவிசை.

அறை வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். நீருக்கும் ஹெக்சேனுக்கும் இடையிலான இழுவிசை ஏறத்தாழ 51. பென்சீன் எனில் 35 அளவில். ஆக்டனால் எனில் 8 அல்லது 9 மட்டுமே. எண்ணெய் மூலக்கூறில் நீரை விரும்பும் தொகுதி ஒன்று அமைந்தால் இழுவிசை எவ்வளவு சரிகிறது என்பதை இவ்வரிசை காட்டுகிறது. ஆக்டனால் மூலக்கூறுகள் தம் ஹைட்ராக்சில் முனையை நீர்ப்பக்கம் திருப்பி நிற்பதால் இடைமுகமே பாதி சமரசம் செய்துகொண்டுவிடுகிறது.

இழுவிசையின் மறுவிளைவு அழுத்தம். வளைந்த இடைமுகத்தின் உட்புற அழுத்தம் வெளிப்புறத்தைவிட மிகுதி என்பதும், அவ்வேறுபாடு இழுவிசையின் இருமடங்கை ஆரத்தால் வகுக்கக் கிடைப்பது என்பதும் யங்–லாப்லாஸ் விதி. இழுவிசை 50 மில்லிநியூட்டன் எனில், 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள எண்ணெய்த் துளிக்குள் மிகை அழுத்தம் 1 வளிமண்டலம். 10 நானோமீட்டர் ஆரத்தில் அது 100 வளிமண்டலம். இவ்வழுத்தம் சிறு துளியிலுள்ள எண்ணெயின் கரைதிறனை உயர்த்துகிறது. ஆகவே எண்ணெய் மூலக்கூறுகள் சிறு துளியிலிருந்து கசிந்து பெருந்துளியைச் சென்றடைகின்றன. ஆஸ்ட்வால்ட் முதிர்வு எனப்படும் இந்நிகழ்வில் சிறுதுளிகள் தேய, பெருந்துளிகள் வளர்கின்றன. துளிகள் ஒன்றோடொன்று மோதி இணைவது இதனின் வேறான மற்றொரு வழி.

ஒரு மில்லிலிட்டர் எண்ணெயின் கணக்கு

ஒரு மில்லிலிட்டர் எண்ணெயை 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளிகளாக நீரில் சிதறவிட்டால் இடைமுகத்தின் மொத்தப் பரப்பு 3 சதுரமீட்டர். அதையே 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளிகளாக்கினால் 300 சதுரமீட்டர். துளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 24 கோடி கோடி மடங்குகளின் நூறு, அதாவது 2.4-ஐ அடுத்து 17 இடங்கள். இழுவிசை 50 மில்லிநியூட்டன் எனக் கொண்டால் இவ்விடைமுகத்தை உருவாக்க வேண்டிய ஆற்றல் 15 ஜூல்.

15 ஜூல் என்பது அன்றாட அளவில் அற்பமே. ஒரு மில்லிலிட்டர் நீரை 4 பாகை கூடச் சூடாக்காது. ஆயினும் இயற்கை அதைத் தானே செலுத்த முன்வராது. அது செலுத்தக்கூடிய ஒரே நாணயம் என்ட்ரோபி. எண்ணெய் ஒரே அடுக்காக இருப்பதைக் காட்டிலும் எண்ணற்ற துளிகளாகப் பரவி அலைவதற்குப் பல்வேறு வழிகள் உள்ளன. அந்த ஆதாயம் துளி ஒன்றுக்குப் போல்ட்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கிய வெப்ப ஆற்றல் அலகில் சில அலகுகள். மிகத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 10 அலகுகளின் அளவில் நிற்கும். மொத்தத் துளிகளுக்கும் சேர்த்தால் அது ஏறத்தாழ 0.01 ஜூல் மட்டுமே. தேவை 15, கையிருப்பு 0.01.

தனித்துளிக்கும் இதைச் செய்து பார்க்கலாம். 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளியின் இடைமுக ஆற்றல், இழுவிசை 50 ஆக இருக்கையில், வெப்ப ஆற்றல் அலகைப் போல் ஏறத்தாழ 15,000 மடங்கு. வெப்ப அலைவினால் அத்தகைய துளி தானாகத் தோன்றுவது இயலாது. இழுவிசையை 0.01 மில்லிநியூட்டனாகக் குறைத்தால் அதே துளியின் ஆற்றல் வெறும் 3 அலகுகள். அப்போது துளி உருவாவதற்குக் கடைதலோ குலுக்கலோ வேண்டியதில்லை. மூலக்கூறுகளின் இயல்பான வெப்ப அலைவே போதும். உருவான துளி இணைந்து பெருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, ஏனெனில் இணைவதால் கிடைக்கும் ஆற்றல் ஆதாயம் சிதறலின் என்ட்ரோபியை இழப்பதற்கு ஈடாகாது. பால்மத்துக்கும் நுண்பால்மத்துக்கும் இடையிலான கோடு இங்குதான் விழுகிறது. பால்மம் தன் முடிவை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது; அதன் நிலைப்பு வேகவியல் சார்ந்தது. நுண்பால்மம் தன் முடிவிலேயே இருக்கிறது. அதன் நிலைப்பு வெப்ப இயக்கவியல் சார்ந்தது.

ஒளிபுகுதன்மை இதன் துணைவிளைவு. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளிகள், எண்ணெயின் மொத்தக் கன அளவு மாறாதபோது, தம் ஆரத்தின் மும்மடிக்கு ஏற்பவே ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆரம் பாதியானால் கலங்கல் எட்டில் ஒரு பங்காகும். ஆரம் 10 நானோமீட்டரை நெருங்கும்போது கண்ணுக்குக் கலங்கலே தெரிவதில்லை. சிலபோது மெல்லிய நீலச்சாயல் தென்படும்.

ஷுல்மன் முதல் ருக்கன்ஸ்டைன் வரை

1943-இல் ஹோர், ஷுல்மன் ஆகிய இருவரும் 'நேச்சர்' இதழில் ஒளிபுகும் நீர்–எண்ணெய்ச் சிதறல்களைப் பற்றி எழுதினர். சோப்பினால் நிலைநிறுத்திய எண்ணெய்–நீர் அமைப்பில் நடுத்தரச் சங்கிலி நீளமுள்ள ஆல்கஹாலைச் சேர்த்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் கலங்கல் திடீரென விலகித் திரவம் தெளிகிறது. நுண்பால்மம் என்று இன்று மொழிபெயர்க்கப்படும் ஆங்கிலச் சொல் 1959-இல், ஷுல்மனும் உடனாய்வாளர்களும் எழுதிய கட்டுரையில்தான் வந்தது. அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் இப்பொருள் வேறு பெயர்களில் வழங்கியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பெயரிட்டவர்களுக்கே அது துளிகளின் சிதறலா, பெருத்த மிசெல்களின் கரைசலா என்பதில் கருத்தொருமை வரப் பல்லாண்டுகள் ஆயின.

ஆல்கஹாலின் பங்கு என்ன? சோப்பு மட்டும் ஏன் போதவில்லை? சோப்பைச் சேர்க்கச் சேர்க்க இடைமுக இழுவிசை குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் மாறுநிலை மிசெல் செறிவை எட்டியபின், மேலும் சேர்க்கப்படும் மூலக்கூறுகள் இடைமுகத்துக்குச் செல்லாமல் மிசெல்களாகத் திரள்கின்றன. சோடியம் டோடெசில் சல்ஃபேட்டிற்கு இச்செறிவு 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல். அப்போதும் இழுவிசை சில மில்லிநியூட்டன்களில் தேங்கி நிற்கும். வேறு வகை மூலக்கூறு ஒன்றைச் சேர்த்தால் கிப்ஸ் பரப்புக்கவர்ச்சிச் சமன்பாட்டின்படி அது தன் பங்கிற்குத் தனியே இழுவிசையைக் குறைக்கிறது. பென்டனால், ஹெக்சனால் போன்றவை மிசெல்களாகத் திரள்வதில்லை. ஆகவே தேங்கிய இழுவிசையை இன்னும் கீழே தள்ள முடிகிறது. இவையே துணைப் பரப்புச்செயலிகள்.

ஷுல்மன் இதற்குத் தந்த விளக்கம், கலப்புப் படலத்தின் விரிவழுத்தம் இழுவிசையை மிஞ்சி, இழுவிசை தற்காலிகமாக எதிர்க்குறி பெறுகிறது என்பது. அவ்விளக்கம் கவர்ச்சியானது, பல நூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. ஆயினும் அது தேவையற்றது. 1975-இல் ருக்கன்ஸ்டைனும் ச்சியும் சிதறலின் என்ட்ரோபியைக் கணக்கில் சேர்த்தனர். இழுவிசை சிறிய நேர்க்குறி மதிப்பாக இருந்தாலே கட்டிலா ஆற்றல் ஒரு குறிப்பிட்ட துளி ஆரத்தில் சிறுமம் அடையும் என்பதை அவர்கள் காட்டினர். அந்த ஆரமே அமைப்பு தானாகத் தேர்ந்துகொள்ளும் அளவு. மேலே நாம் செய்த கணக்கு அதன் எளிய வடிவமே.

இத்தகைய தன்னியல்பான அமைப்புக்கு ஒரு விலை உண்டு. 300 சதுரமீட்டர் இடைமுகத்தைப் பரப்புச்செயலி முழுமையாகப் போர்த்த வேண்டும். மூலக்கூறு ஒன்று 0.6 சதுர நானோமீட்டரை மூடுகிறது எனவும், அதன் மூலக்கூறு நிறை 300 எனவும் கொண்டால், ஒரு மில்லிலிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.25 கிராம் பரப்புச்செயலி வேண்டும். 1 மைக்ரோமீட்டர் துளிகளையுடைய பால்மத்துக்கு இதில் நூற்றில் ஒரு பங்கு போதும். 1 அல்லது 2 விழுக்காடு பரப்புச்செயலியைக் கொண்டு 20 விழுக்காடு எண்ணெயை 10 நானோமீட்டர் நுண்பால்மமாக்கினோம் என்று ஓர் ஆய்வேடு கூறுமாயின், இந்தப் பெருக்கலைச் செய்து பார்ப்பது மதிப்பீட்டாளரின் முதற்கடமை.

படலம் எப்பக்கம் வளைகிறது?

இழுவிசை மட்டும் குறைந்தால் போதுமா? போதாது. எண்ணெய் உள்ளேயும் நீர் வெளியேயும் அமையுமா, நீர் உள்ளேயும் எண்ணெய் வெளியேயும் அமையுமா, இரண்டும் அற்ற வேறு வடிவம் உருவாகுமா என்பதைப் படலத்தின் இயல்பு வளைவு முடிவுசெய்கிறது. பரப்புச்செயலி மூலக்கூறின் நீர்விரும்பும் தலை பருத்தும் வால் மெலிந்தும் இருந்தால் படலம் எண்ணெயைச் சூழ்ந்து வளையும். ஒரு தலைக்கு இரு வால்கள் இருந்தால் மறுபுறம் வளைந்து நீரைச் சூழும். பரப்புச்செயலி எந்தத் திரவத்தில் மிகுதியாகக் கரைகிறதோ அதுவே புறநிலைமை ஆகும் என்ற பான்கிராஃப்டின் 1913-ஆம் ஆண்டு விதி, இதையே அனுபவ மொழியில் கூறுகிறது. 1976-இல் இஸ்ரேலச்விலியும் உடனாய்வாளர்களும் வாலின் கன அளவு, நீளம், தலையின் பரப்பு ஆகியவற்றை ஒரே விகிதமாக்கி இதற்கு வடிவக்கணித உருவம் தந்தனர்.

மூலக்கூறின் வடிவம் கல்லில் செதுக்கியதன்று. அயனி வகைப் பரப்புச்செயலியின் தலைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பைச் சேர்த்தால் விலக்கம் தணிந்து தலைகள் நெருங்குகின்றன, படலம் நீர்ப்பக்கம் வளையத் தொடங்குகிறது. எத்தாக்சிலேட் வகையில் தலையைச் சூழ்ந்த நீர் வெப்பத்தால் விலகுகிறது. ஆகவே வெப்பநிலையை உயர்த்தினால் அதே விளைவு. 1960-களில் ஷினோடா வரையறுத்த நிலைமாற்ற வெப்பநிலை இந்த இரண்டாம் வழியைச் சார்ந்தது.

இம்மாற்றத்தைச் சோதனைக்குழாயில் கண்ணாலேயே காணலாம். விஞ்சர் 1948-இல் வகைப்படுத்தியபடி, உவர்ப்பு குறைந்த நிலையில் கீழே நுண்பால்மமும் மேலே மிகை எண்ணெயும் நிற்கும். உவர்ப்பு மிகுந்தால் மேலே நுண்பால்மமும் கீழே மிகை நீரும் நிற்கும். இடைப்பட்ட ஒரு குறுகிய எல்லையில் மூன்று அடுக்குகள் தோன்றும்: கீழே நீர், மேலே எண்ணெய், நடுவே இரண்டையும் ஏறத்தாழச் சம அளவில் கொண்ட நுண்பால்மம். பரப்புச்செயலி போதிய அளவு இருந்தால் முழுதும் ஒரே அடுக்காகிவிடும். இது நான்காம் வகை. முன்னுரையில் கண்ட பினாயில் புட்டிக்குள் இவ்வொற்றை அடுக்குப் பகுதியைச் சார்ந்தது. வாளியில் நீர்த்தபோது அப்பகுதியை விட்டு வெளியேறியது. தெளிவு என்பது பொருளின் பண்பன்று, நிலைமை வரைபடத்தில் அது நிற்கும் இடத்தின் பண்பு.

நடுவடுக்கு மிகச் சுவையானது. அங்கே துளிகளே இல்லை. இயல்பு வளைவு சுழியாகும்போது படலம் எப்பக்கமும் வளைய விரும்புவதில்லை. எனவே எண்ணெயும் நீரும் தத்தம் வழியில் இடையறாது தொடர்ந்து, ஒன்றையொன்று ஊடுருவிப் பின்னிக் கிடக்கின்றன. ஸ்கிரிவன் 1976-இல் முன்மொழிந்த இந்த இருதொடர் அமைப்பைக் கடற்பஞ்சுக்கு ஒப்பிடலாம். பஞ்சின் உடலும் அதன் துளைகளும் தனித்தனியே தொடர்ச்சியானவை. வேறுபாடு, இப்பஞ்சு நொடிதோறும் உருமாறிக்கொண்டிருக்கிறது. எது சிதறியது, எது ஊடகம் என்னும் கேள்விக்கு இங்கே இடமில்லை. நுண்பால்மத்தைச் 'சிறுதுளிப் பால்மம்' என வரையறுப்பவர்கள் இந்த அமைப்பை எங்கே வைப்பர்?

இருதொடர் அமைப்பு உருவாகப் படலம் நெகிழ்வாக இருத்தல் வேண்டும். ஹெல்ஃப்ரிக் 1973-இல் அறிமுகப்படுத்திய வளைவு விறைப்பு இந்நெகிழ்வின் அளவு. டி ஜென், தௌபின் ஆகியோர் 1982-இல் காட்டியபடி, படலம் எவ்வளவு தொலைவு வரை தட்டையாக நீளும் என்பது இவ்விறைப்பைப் பொறுத்து அடுக்குக்குறி வேகத்தில் மாறுகிறது. விறைப்பு வெப்ப ஆற்றல் அலகில் பாதியாக இருந்தால் அத்தொலைவு மூலக்கூறு நீளத்தின் 23 மடங்கு. ஒரு முழு அலகானால் 535 மடங்கு. லெசித்தின் ஈரடுக்கின் விறைப்பு ஏறத்தாழ 20 அலகுகள். ஆகவே அது நெளிந்து பஞ்சாகாமல் தகடுகளாக அடுக்கி நீர்மப்படிகமாகிறது. ஆல்கஹாலின் இரண்டாம் பணி இங்கே புலப்படுகிறது. அது நீண்ட வால்களுக்கிடையே புகுந்து படலத்தை இளக்குகிறது. இழுவிசையைக் குறைப்பதினும் இப்பணியே முதன்மையானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அளவிடுதலும் பிரித்தறிதலும்

வளைய முறையும் தகட்டு முறையும் 0.01 மில்லிநியூட்டன் அளவிலான இழுவிசைக்குப் பயன்படா. அங்கே உதவுவது 1942-இல் வொன்னெகட் விளக்கிய சுழல்துளி முறை. அடர்மிகு திரவம் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் ஓர் எண்ணெய்த் துளியை இட்டுக் குழாயை அதன் அச்சில் வேகமாகச் சுழற்றினால், துளி அச்சின் வழியே நீண்டு உருளையாகிறது. அடர்த்தி வேறுபாடு, கோணவேகத்தின் இருமடி, உருளை ஆரத்தின் மும்மடி ஆகியவற்றின் பெருக்கலை நான்கால் வகுத்தால் இழுவிசை. அடர்த்தி வேறுபாடு கனமீட்டருக்கு 200 கிலோகிராமும் வேகம் நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளும் ஆயின், 0.05 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளை ஏறத்தாழ 0.0017 மில்லிநியூட்டனைக் குறிக்கும். ஆரம் மும்மடியாக நுழைவதால் அதில் நேரும் சிறு பிழையும் விடையில் மூன்று மடங்காகும்.

உள்ளமைப்பை அறியச் சிறுகோண நியூட்ரான் சிதறல் சிறந்தது. நீருக்குப் பதில் கனநீரையும், எண்ணெய்க்குப் பதில் டியூட்டீரியம் ஏற்றிய எண்ணெயையும் இட்டால் இடைப்படலம் மட்டும் தனித்துத் தெரியும். எல்லாருக்கும் அவ்வசதி வாய்க்காது. மின்கடத்துதிறன் எளிய மாற்று: நீர் புறநிலைமையாக இருந்தால் கடத்துதிறன் மிகுதி, எண்ணெய் புறநிலைமையாக இருந்தால் மிகக் குறைவு, இருதொடர் பகுதியில் இடைப்பட்ட மதிப்பு.

நானோபால்மத்தோடு ஏற்படும் குழப்பம் இங்கே பேசப்பட வேண்டியது. நானோபால்மம் உயரழுத்தக் கடைகருவியாலோ மீயொலியாலோ ஆற்றலைச் செலுத்தி ஆக்கப்படும் உண்மையான பால்மம்; அதன் துளிகள் சில பத்து முதல் 200 நானோமீட்டர் வரை இருக்கலாம். நுண்பால்மத்தின் துளிகள் பெரும்பாலும் 10 முதல் 50 நானோமீட்டர். பெயரளவில் 'நானோ' என்பது 'மைக்ரோ'வைவிடச் சிறியது. நடைமுறையில் நானோபால்மத் துளியே பெரியது. அளவெல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிவதால் துளியளவைக் கொண்டு இரண்டையும் பிரிக்க இயலாது. 1981-இல் டேனியல்சன், லிண்ட்மன் ஆகிய இருவரும் தந்த வரையறையில் துளி என்ற சொல்லே இல்லை. நீர், எண்ணெய், இருபண்பு மூலக்கூறு ஆகியவை சேர்ந்த, ஒளியியல் திசையொப்புப் பண்புடைய, வெப்ப இயக்கவியல் நிலைப்புடைய ஒற்றைத் திரவக் கரைசல் என்பதே அவ்வரையறையின் சாரம்.

சோதித்தறிய வழிகள் உள. கூறுகளைச் சேர்க்கும் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். நுண்பால்மம் எவ்வரிசையிலும் ஒரே இறுதிநிலையை அடையும். வெப்பநிலையை உயர்த்தியோ தாழ்த்தியோ பிரியச்செய்து, மீண்டும் பழைய வெப்பநிலைக்குக் கொணரலாம். நுண்பால்மம் தானே மீளும், நானோபால்மம் மீளாது. மையவிலக்குச் சோதனையில் பிரியாமை மட்டும் சான்றாகாது. நன்கு ஆக்கிய நானோபால்மமும் அதைத் தாங்கும். முக்கோண நிலைமை வரைபடத்தை நீரைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து ஒரே பிற்பகலில் வரைந்து முடிப்பது வழக்கமாகிவிட்டது. தெளிந்ததாகத் தோன்றும் புள்ளிகளை மூடிய குழாய்களில் நிலையான வெப்பநிலையில் நாட்கணக்கில் வைத்துப் பார்க்காமல் எல்லைக்கோடு வரைவது நம்பத்தக்கதன்று.

மற்றொரு வழக்கம் இதனினும் கேடானது. இயக்கநிலை ஒளிச்சிதறல் கருவிக்கு ஏற்ப மாதிரியை நூறு மடங்கு நீர்த்து, கிடைத்த எண்ணை நுண்பால்மத்தின் துளியளவாகப் பதிவுசெய்கின்றனர். நீர்த்தபின் அங்கிருப்பது வேறோர் அமைப்பு. வாளியிலிருக்கும் பினாயிலை அளந்து புட்டியிலிருக்கும் பினாயிலைப் பற்றி எழுதுவதற்கு அது ஒப்பாகும்.

நீரை உள்ளடக்கிய நுண்பால்மங்களிலும் இத்தகைய எளிமைப்படுத்தல் உண்டு. ஏரோசால் ஓடி எனப்படும் இருவால் பரப்புச்செயலி, துணைப்பொருள் ஏதுமின்றியே எண்ணெயில் நீர்க்குமிழ்களை அடக்கும். நீர் மோலுக்கும் செயலி மோலுக்கும் உள்ள விகிதம் 10 எனில் குமிழின் ஆரம் 1.5 நானோமீட்டரைச் சற்று மிஞ்சும். விகிதம் உயர ஆரமும் நேர்விகிதத்தில் உயரும். 1982-இல் பூத்தோனேயும் உடனாய்வாளர்களும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், இரிடியம் ஆகியவற்றின் நுண்துகள்களை நுண்பால்மங்களில் ஆக்கிக் காட்டியபின், குமிழை அச்சாகவும் துகளை வார்ப்பாகவும் காணும் பழக்கம் வேரூன்றியது. ஆனால் குமிழ்கள் மூடிய அறைகள் அல்ல; மோதி, கணநேரம் இணைந்து, உள்ளடக்கத்தைப் பரிமாறிக்கொண்டு பிரிபவை. துகளின் இறுதி அளவைக் குமிழின் ஆரத்தோடு, இப்பரிமாற்ற வேகமும் வினைவேகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

பாறைத்துளையும் குடற்சுவரும்

எண்ணெய்க் கிணறு ஒன்று இயல்பான அழுத்தத்தாலும் நீரைச் செலுத்துவதாலும் தரக்கூடியதைத் தந்து முடித்தபின், முதலில் இருந்த எண்ணெயில் பெரும்பகுதி பாறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நுண்துளைகளின் குறுகிய கழுத்தில் எண்ணெய்த் துளிகள் சிக்கிக்கொள்வது அதற்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று. கழுத்தின் ஆரம் 5 மைக்ரோமீட்டரும் இழுவிசை 30 மில்லிநியூட்டனும் எனில், துளியைத் தள்ளி வெளியேற்ற 12,000 பாஸ்கல் வேண்டும். செலுத்தும் நீரின் அழுத்தச் சரிவு மீட்டருக்கு 20,000 பாஸ்கல் எனக் கொண்டாலும், 100 மைக்ரோமீட்டர் நீளமுள்ள துளியின் இரு முனைகளுக்கிடையே கிடைப்பது 2 பாஸ்கல் மட்டுமே. குறை 6,000 மடங்கு. அழுத்தத்தை அத்தனை மடங்கு உயர்த்த முடியாது. இழுவிசையைக் குறைக்க முடியும். தேவைப்படும் மதிப்பு 0.005 மில்லிநியூட்டன். விஞ்சரின் மூன்றடுக்கு நிலையில் இது கைகூடும். நடுவடுக்கு தன் செயலியின் ஒரு கன அளவுக்கு எத்தனை கன அளவு எண்ணெயைக் கரைக்கிறதோ, அவ்வெண்ணின் இருமடிக்கு இழுவிசை எதிர்விகிதத்தில் இருக்கும் என்று ஹூ 1979-இல் காட்டினார். வழக்கமான மாறிலியான 0.3-ஐக் கொண்டு கணக்கிட்டால், எட்டு மடங்கு எண்ணெயைக் கரைக்கும் நடுவடுக்கு இத்தேவையை நிறைவுசெய்யும்.

1970-களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் இத்துறைக்கு ஊக்கம் கிட்டியது. 1986-இல் எண்ணெய் விலை சரிந்தபோது பெரும்பாலான திட்டங்கள் கைவிடப்பட்டன. களிமண் கனிமங்கள் பரப்புச்செயலியை உறிஞ்சிக்கொள்வதும், கிணற்றின் உவர்ப்பும் வெப்பநிலையும் இடத்துக்கிடம் மாறுவதும் கணக்கைக் குலைத்தன. எனினும் நுண்பால்மங்களின் அடிப்படை அறிவியலில் கணிசமான பகுதி அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எழுந்ததே.

மருந்தியலில் நிகழ்ந்தது வேறு. உறுப்பு மாற்றம் பெற்றவர் புதிய உறுப்பை உடல் ஒதுக்காதிருக்க உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின், 11 அமினோ அமிலங்களால் ஆன வளைய மூலக்கூறு. மூலக்கூறு நிறை ஏறத்தாழ 1,203. நீரில் கரைவது அரிது. தொடக்கத்தில் வந்த எண்ணெய்க் கரைசலைக் குடலில் பித்தநீர் சிதறடித்தால்தான் உறிஞ்சப்படும். பித்தச்சுரப்பு ஆளுக்கு ஆளும், உணவுக்கு உணவும் மாறுவது. கல்லீரல் மாற்றம் பெற்றவரிடம் பித்தநீர் குழாய் வழியே வெளியேற்றப்படுவதும் உண்டு. மருந்தின் குருதிச் செறிவு தாழ்ந்தால் உறுப்பு ஒதுக்கப்படும். உயர்ந்தால் சிறுநீரகம் பழுதுறும். இரண்டுக்கும் இடைவெளி குறுகியது. 1990-களின் நடுவில் வந்த நியோரல் என்னும் வடிவத்தில் சோள எண்ணெயின் கிளிசரைடுகளும், ஹைட்ரஜனேற்றிய ஆமணக்கெண்ணெய் சார்ந்த பரப்புச்செயலியும், புரோப்பிலீன் கிளைக்காலும், எத்தனாலும் உள்ளன; நீர் இல்லை. குடல்நீரோடு சேர்ந்ததும் அது தானாக நுண்துளிகளாகிறது. பித்தநீரைச் சார்ந்திருப்பது வெகுவாகக் குறைந்ததால் உறிஞ்சலின் ஏற்றத்தாழ்வும் குறைந்தது. குடலில் உருவாவது மேற்கண்ட கண்டிப்பான பொருளில் நுண்பால்மமா, நுண்துளிப் பால்மமா என்பது தனியே ஆராயத்தக்கது; நோயாளிக்கு அவ்வேறுபாட்டினும் உறிஞ்சலின் சீர்மையே பெரிது.

மருந்து மூலக்கூறு ஒன்றே, மில்லிகிராம் அளவும் ஒன்றே. ஆயினும் பழைய எண்ணெய்க் கரைசலும் இப்புதிய வடிவமும் உயிர்ச்சமானம் உடையவை அல்ல. மருத்துவரின் கண்காணிப்பின்றி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்கலாகாது என மருந்தின் குறிப்பேடே எச்சரிக்கிறது. மாற்ற நேர்ந்தால் குருதிச் செறிவை மீண்டும் மீண்டும் அளந்து, அளவைத் திருத்தியமைத்தல் வேண்டும்.